நான் யார்? யூனிக்ஸ் தரும் இரண்டு விடைகள்

யூனிக்ஸ் கணினிகளில் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று ‘ஹூ ஆம் ஐ’ என இடைவெளி விட்டு மூன்று சொற்களாக எழுதப்படுவது. மற்றொன்று ‘ஹூஆம்ஐ’ என இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்படுவது. ஆங்கிலம் அறிந்தவரின் காதுக்கு இரண்டும் ஒரே கேள்விதான்: நான் யார்? ஆனால் ‘கயல்’ என்னும் கணக்கில் நுழைந்த ஒருவர், ‘எஸ்யூ’ என்னும் கட்டளையைக் கொண்டு நிர்வாகியின் கணக்கான ‘ரூட்’டுக்கு மாறியபின் இவ்விரண்டையும் கேட்டுப் பார்த்தால் விடைகள் வேறுபடும். இடைவெளி உள்ளது ‘கயல்’ என்கிறது. இடைவெளி இல்லாதது ‘ரூட்’ என்கிறது. இரண்டு விடைகளும் சரியானவையே.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றான கருத்தாவை நம் இலக்கண மரபு இரண்டாகப் பகுக்கிறது. ‘தச்சனால் கோயில் கட்டப்பட்டது’ என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. ‘அரசனால் கோயில் கட்டப்பட்டது’ என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. கணினியில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டால், அழித்தது ரூட் கணக்கு என்பது இயற்றுதற் கருத்தாவைச் சொல்லும் விடை. அந்தக் கணக்கின் பின்னிருந்து ஏவியவர் யார் என்பது வேறு கேள்வி. யூனிக்ஸ் முதற்கேள்விக்குத் தொடக்கத்திலேயே தெளிவான விடை வைத்திருந்தது. இரண்டாம் கேள்விக்கு நம்பத்தகுந்த விடை காண அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரின் முயற்சியில் உருவானது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பு அது. பகிர்வு இருக்கும் இடத்தில் எல்லைகளும் வேண்டும். எனவே ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. ஒவ்வொரு கோப்பும் ஓர் எண்ணுக்கு உரியதாயிற்று. பூச்சியம் என்னும் எண்ணுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அதுவே ரூட். 1971 நவம்பரில் வெளிவந்த முதற்பதிப்புக் கையேட்டிலேயே இருவேறு கட்டளைகள் இடம்பெற்றன: கடவுச்சொல்லைத் தந்து ரூட்டாக மாற உதவும் ‘எஸ்யூ’, கணினியில் அப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ‘ஹூ’. பிற்கால வரலாறு முழுவதற்குமான வித்து இவ்விரண்டிலும் இருந்தது.

அக்காலப் பயனர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறு குழுவினர். ரூட்டின் கடவுச்சொல் சிலருக்குத் தெரிந்திருப்பது அங்கே சிக்கலாகத் தோன்றவில்லை. எவரேனும் தவறாக எதையேனும் அழித்துவிட்டால், அறையில் இருப்பவரைக் கேட்டாலே போதும். பொறுப்பு என்பது கணினிக்கு வெளியே, மனிதரின் நினைவில் இருந்தது.

ஆயினும் ஏவியவரை மறவாதிருக்க வேண்டிய தேவை ஒன்று தொடக்கத்திலேயே எழுந்தது. பயனர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்ற வேண்டும். ஆனால் கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு ரூட்டுக்கு உரியது. மற்றவர் அதில் எழுத முடியாது. இதற்கு டென்னிஸ் ரிச்சி கண்ட தீர்வு ‘செட்யூஐடி’ எனப்படும் ஒற்றைக் குறி. அக்குறியிட்ட நிரலை யார் இயக்கினாலும், அது நிரலின் உரிமையாளரது அதிகாரத்துடன் இயங்கும். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1973இல் அளிக்கப்பட்டு 1979இல் ஏற்கப்பட்டது. பெல் நிறுவனம் பின்னர் அதைப் பொதுவுடைமை ஆக்கியது.

இந்தத் தீர்வின் நுட்பம் இரட்டை எண்ணில் இருக்கிறது. இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் இரண்டு பயனர் எண்களைச் சுமக்கிறது. எவருடைய அதிகாரத்தில் இயங்குகிறது என்பது செயல் எண். எவர் இயக்கினார் என்பது மெய் எண். கடவுச்சொல் மாற்றும் நிரலுக்குச் செயல் எண் ரூட்டுடையது; ஆகவே கோப்பில் எழுத முடிகிறது. மெய் எண் கயலுடையது. ஆகவே கயலின் கடவுச்சொல்லை மட்டுமே மாற்ற அது இசைகிறது. இயற்றுபவரும் ஏவுபவரும் தனித்தனியே குறிக்கப்பட்டுவிட்டனர்.

இவ்வளவு தெளிவான ஏற்பாடு இருந்தும் ஏவியவரின் தடம் ஏன் மறைந்தது? காரணம் ‘எஸ்யூ’தான். அதுவும் செட்யூஐடி குறியிட்ட நிரலே. ஆனால் கடவுச்சொல் சரியெனக் கண்டதும் அது செயல் எண்ணோடு மெய் எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது. மாறியவர் எல்லா வகையிலும் புதிய பயனராக இயங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அது பொருத்தமானதே. ஆனால் அதன் விளைவாக, மாறிய பின் அந்த நிரலின் எண்களை எவ்வளவு துருவிப் பார்த்தாலும் பூச்சியம் மட்டுமே தெரியும். கயல் என்ற ஒருவர் வந்ததற்கான சுவடு அங்கே இல்லை.

சுவடு வேறோர் இடத்தில் இருந்தது. ஒருவர் கணினியில் நுழையும்போது ‘லாகின்’ என்னும் நிரல், முனையத்தின் பெயர், பயனரின் பெயர், நேரம் ஆகியவற்றை ‘யூடிஎம்பி’ என்னும் கோப்பில் எழுதுகிறது. வாயிற்காவலர் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு போன்றது அது. உள்ளே போனவர் அங்கே உடை மாற்றிக்கொண்டாலும் வாயிலில் எழுதியது மாறாது. ‘எஸ்யூ’ அந்தப் பதிவேட்டைத் தொடுவதில்லை. மூன்று சொற்களாலான ‘ஹூ ஆம் ஐ’ செய்வது இவ்வளவே: தான் எந்த முனையத்தில் இருக்கிறது என்று அறிந்து, அந்த முனையத்துக்கு நேரே பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறது. அதனால்தான் அது ‘கயல்’ என்கிறது.

இடைவெளியற்ற ‘ஹூஆம்ஐ’ பின்னர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் கிளையிலிருந்து வந்தது. அது பதிவேட்டைப் பார்ப்பதில்லை. செயல் எண்ணை மட்டுமே பார்த்து அதற்குரிய பெயரைச் சொல்கிறது. ‘நான் இப்போது எந்த அதிகாரத்தில் இருக்கிறேன்?’ என்பதே அதன் உண்மையான பொருள். நுழைந்த பெயரை அறிய ‘லாக்நேம்’, எண்கள் அனைத்தையும் காட்ட ‘ஐடி’ எனப் பிற கட்டளைகளும் தோன்றின. 1992இல் யூனிக்ஸ் கட்டளைகளுக்கான பாசிக்ஸ் தரநிலை வகுக்கப்பட்டபோது ‘ஹூ’, ‘லாக்நேம்’, ‘ஐடி’ ஆகியவை அதில் இடம்பெற்றன, ‘ஹூஆம்ஐ’ இடம்பெறவில்லை. ஆயினும் அது எங்கும் வழக்கில் நிலைத்துவிட்டது.

வருகைப் பதிவேட்டைச் சான்றாகக் கொள்வதில் குறைகள் இருந்தன. முதலாவது, அது மனிதரையன்றி முனையத்தையே அறியும். முனையம் இன்றிப் பின்னணியில் இயங்கும் வேலைகளிடம் ‘ஹூ ஆம் ஐ’ என்று கேட்டால் விடை வெறுமையாகவே வரும். இரண்டாவது, பதிவேடு ஒரு சாதாரணக் கோப்பு. சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 வகைக் கணினிகளில் அந்தக் கோப்பில் எவரும் எழுத முடிந்தது. இதைப் பற்றிய எச்சரிக்கை 1994இல் அமெரிக்காவின் செர்ட் அமைப்பால் வெளியிடப்பட்டது. பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதில் உள்ள பெயருக்கு என்ன மதிப்பு? பயனர் பெயரைத் தாங்கும் சூழல் மாறிகளை நம்புவதும் அத்தகையதே. அவற்றை மாற்ற ஒரே ஒரு வரி போதும்.

இந்தக் குறைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதை 1986இல் நடந்த நிகழ்ச்சி காட்டியது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரத்துக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டு வந்தது. அங்குப் பணியாற்றிய வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோலிடம் கணக்கில் 75 சென்ட் இடிக்கும் காரணத்தைக் கண்டறியும் வேலை தரப்பட்டது. அந்தச் சில்லறை வேறுபாட்டின் பின்னால் ஓர் ஊடுருவல்காரர் இருந்தார். ஈமேக்ஸ் மென்பொருளுடன் வந்த ஒரு துணை நிரல் ரூட்டின் செட்யூஐடி அதிகாரத்துடன் நிறுவப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தி அவர் ரூட்டின் அதிகாரத்தைப் பெற்றிருந்தார். பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள உதவிய அதே பொறிமுறைதான் இங்கே அயலாருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

ரூட் ஆனவர் புதிய கணக்குகளை உண்டாக்கலாம். நெடுநாள் பயன்படாமல் கிடக்கும் பிறர் கணக்குகளில் நுழையலாம். தம் வருகையின் தடயங்களை அழிக்கலாம். கணினியின் பதிவேட்டை நம்பியிருந்தால், பல மாதங்களாக அங்கில்லாத ஒருவர்மீது ஐயம் விழுந்திருக்கும். ஸ்டோல் அதை நம்பவில்லை. உள்வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, தட்டப்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதிவு செய்தார். ஊடுருவியவர் அந்தக் கணினியில் எல்லாம் வல்லவர். ஆனால் அடுத்த அறையில் இருந்த தாளை அவரால் அழிக்க முடியாது. தேடல் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் முடிந்தது. சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற குற்றத்துக்காக அவர் 1990இல் தண்டிக்கப்பட்டார்.

இதே காலத்தில் அரசுத் தரப்பிலும் அழுத்தம் பெருகியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நம்பகமான கணினிகளுக்கான அளவுகோல்களை 1983இல் வகுத்து 1985இல் திருத்தி வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் ஆரஞ்சுப் புத்தகம் எனப்பட்ட அந்த ஆவணம், சி2 என்னும் தரநிலைக்குத் தனிமனிதப் பொறுப்பை நிபந்தனையாக்கியது. செயல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பயனருடன் பிணைக்கப்பட வேண்டும். பலருக்குத் தெரிந்த ஒரே ரூட் கடவுச்சொல்லால் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. இதற்கு விடையாக, சோலாரிஸ் போன்ற அமைப்புகளில் தணிக்கை எண் என்னும் மூன்றாவது எண் சேர்க்கப்பட்டது. நுழையும்போது இடப்படும் அவ்வெண் ‘எஸ்யூ’வால் மாறுவதில்லை.

நிர்வாகிகள் தாமே கண்ட வழி வேறு. 1980ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோர் ‘சூடோ’ என்னும் நிரலை எழுதினர். ‘எஸ்யூ’ பயனரை வேறொருவராக ஆக்குகிறது; ‘சூடோ’ குறிப்பிட்ட ஒரு கட்டளையை மட்டும் வேறொருவர் அதிகாரத்தில் செய்ய விடுகிறது. இன்று வழக்கில் உள்ள வடிவில் அது கேட்பது ரூட்டின் கடவுச்சொல்லை அன்று, பயனரின் சொந்தக் கடவுச்சொல்லை. யார், எந்த முனையத்திலிருந்து, எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு, யாராக மாறி, எந்தக் கட்டளையை இட்டார் என்பது ஒரே வரியில் பதிவாகிறது. ஏவியவரும் இயற்றியவரும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றனர். ரூட்டின் கடவுச்சொல்லை எவரும் அறியாமலேயே ஒரு நிறுவனத்தை நடத்தலாம் என்ற நிலை இதனால் உருவானது.

இதிலும் ஓட்டை உண்டு. ‘சூடோ’வின் வழியே ஒருவர் ‘எஸ்யூ’வை இயக்கிவிட்டால், அந்த ஒரு வரி மட்டும் பதிவாகும், அதன்பின் உள்ளே இடப்படும் கட்டளைகள் வழக்கமான பதிவில் ஏறா. தொடங்கியவரின் பெயரை ‘சூடோ’ ஒரு சூழல் மாறியில் விட்டுச் செல்கிறது. ஆனால் ரூட் ஆகிவிட்டவர் அதை எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம். உதவிக்குறிப்பாக அது பயன்படும், சான்றாகப் பயன்படாது.

ஏவியவரைக் கண்டறிவது நன்மையே என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவும் கொள்ள முடியாது. சில யூனிக்ஸ் கிளைகளில் ‘வீல்’ என்னும் குழுவைச் சேர்ந்தோர் மட்டுமே ‘எஸ்யூ’வைப் பயன்படுத்த முடியும். குனு அமைப்புக்கான ‘எஸ்யூ’வில் அந்தக் கட்டுப்பாட்டைச் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் மறுத்தார். மறுப்புக்கான காரணத்தைக் கையேட்டிலேயே எழுதினார்: எம்ஐடி ஆய்வகத்தில் 1984இல் சிலர் கடவுச்சொல்லை மாற்றி மற்றவரிடமிருந்து அதிகாரத்தைப் பறிக்க முயன்றனர், சாதாரணப் பயனர் ரூட்டின் கடவுச்சொல்லை அறிந்தால் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும், ஆள்வோரின் பக்கம் நிற்பதைவிட மற்றவர் பக்கம் நிற்பதே தம் விருப்பம். ஒவ்வொரு செயலின் பின்னும் ஒரு பெயரைக் கட்டும் பொறி, கண்காணிப்புப் பொறியாகவும் மாறக்கூடும் என்ற அச்சம் இன்றும் பொருளற்றதாகிவிடவில்லை.

லினக்ஸ் இந்தக் கேள்விக்குத் தந்த விடை கர்னலுக்குள் அமைந்தது. 2004இல் லினக்ஸ் கர்னலில் தணிக்கை வசதி சேர்ந்தது. அதனுடன் ‘லாகின்யூஐடி’ என்னும் எண்ணும் வந்தது. ஒருவர் நுழையும் கணத்தில் அவரது பயனர் எண் அதில் எழுதப்படுகிறது. அதன்பின் அவர் தொடங்கும் ஒவ்வொரு நிரலும், அந்த நிரல் தொடங்கும் நிரல்களும் அதே எண்ணை வழிவழியாகப் பெறுகின்றன. ‘எஸ்யூ’, ‘சூடோ’, செட்யூஐடி ஆகிய எதுவும் அதைத் தொடுவதில்லை. முனையமும் தேவையில்லை. எவரும் நுழையாமல் கணினி தானே தொடங்கிய நிரல்களில் அவ்விடத்தில் 4294967295 என்னும் எண் இருக்கும். அதற்கு ‘இன்னும் குறிக்கப்படவில்லை’ என்று பொருள்.

தொடக்கத்தில், உரிய சிறப்பதிகாரம் பெற்ற நிரல் இந்த எண்ணை மீண்டும் மாற்ற முடிந்தது. ரூட் ஆனவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்ள அது வழிவிட்டது. 2012இல் ஒருமுறை எழுதியபின் ரூட்டாலும் மாற்ற முடியாதபடி பூட்டும் தெரிவு கர்னலில் சேர்க்கப்பட்டது. முதற்பதிப்புக் கையேட்டில் ‘எஸ்யூ’ இடம்பெற்று நாற்பத்தோராம் ஆண்டு அது. எல்லாம் வல்ல ரூட்டுக்கு இயலாத செயல் ஒன்று அப்போது உண்டாயிற்று.

அந்தப் பூட்டும் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. பழைய முறையில் நிர்வாகி தம் முனையத்திலிருந்து ஒரு சேவையை மறுதொடக்கம் செய்தால், அந்தச் சேவை அவருடைய எண்ணைப் பெற்றுவிடும். அதன்பின் அந்தச் சேவையின் வழியே நுழையும் மற்றவர்மீதும் நிர்வாகியின் எண்ணே ஒட்டிக்கொள்ளும், அல்லது எண்ணை மாற்ற முடியாமல் நுழைவே தடைபடும். ‘சிஸ்டம்டி’ வந்தபின், கணினியின் முதல் நிரலே சேவைகளைத் தொடங்குவதால் இந்த இடர் பெரிதும் நீங்கியது.

இவ்வளவுக்குப் பின்னும் நீங்காத குறைகள் இரண்டு. ஒன்று, கணினி அறிவது கணக்கை மட்டுமே. வாயிலிலேயே ஐந்து பேர் ஒரே பெயரில் நுழைந்தால், லாகின்யூஐடி அந்த ஒரே பெயரைத்தான் சுமக்கும். மற்றொன்று, எண்ணை மாற்ற முடியாதவராலும் எண் எழுதப்பட்ட பதிவுக் கோப்பை அழிக்க முடியும். அதற்கு ஸ்டோல் 1986இல் செய்ததே இன்றும் மருந்து: பதிவை, அந்தக் கணினியில் அதிகாரம் பெற்றவரின் கை எட்டாத வேறோர் இடத்துக்கு உடனுக்குடன் அனுப்பிவிடுவது. அன்று அச்சுத்தாள், இன்று தனியான பதிவு சர்வர்.

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பதிவுகள் அத்தனை நாள் இருப்பது முதற்படிதான். ஒவ்வொரு வரியிலும் ‘ரூட் செய்தது’ என்று மட்டும் எழுதியிருக்குமானால், தச்சனின் பெயரை ஆயிரம் முறை எழுதிவைத்த கல்வெட்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. விசாரணை நாளில் கேட்கப்படுவது ஏவியவரின் பெயர்.

அந்தப் பெயர் குற்றவாளியைப் பிடிக்க மட்டும் தேவைப்படுவதில்லை. ஒரே ரூட் கடவுச்சொல்லை ஐவர் அறிந்த அலுவலகத்தில் தரவுத்தளம் ஒன்று நள்ளிரவில் அழிந்தால், ஒருவர் செய்ததற்கு ஐவரும் ஐயத்துக்கு உள்ளாவர். அவர்களுள் இளையவரும் ஒப்பந்தப் பணியாளரும் முதலில் கேள்விக்கு உட்படுவர். வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நால்வருக்கும் தம்மை விடுவித்துக்கொள்ள எந்தச் சான்றும் இராது. தனித்தனிக் கணக்கு, ‘சூடோ’வின் ஒற்றை வரி, மாறாத லாகின்யூஐடி, எட்டாத இடத்தில் ஒரு படி ஆகிய நான்கும் சேர்ந்தால் மட்டுமே அந்த நால்வர் பக்கம் பேச ஒரு சாட்சி கிடைக்கிறது.

பழைய வருகைப் பதிவேடான யூடிஎம்பி இப்போது விடைபெறும் காலத்தில் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 64 பிட் லினக்ஸ் கணினிகளிலும் அது நேரத்தை 32 பிட்டுகளில் எழுதுவதால் 2038 ஜனவரி 19க்குப் பின் சரியான நேரத்தைக் குறிக்க அதனால் இயலாது. எனவே சில லினக்ஸ் அமைப்புகள் அதைக் கைவிடத் தொடங்கியுள்ளன. கோப்பு மறைந்தாலும் அது காத்துவந்த வேறுபாடு மறையக்கூடாது. ஒரு சர்வரின் பொறுப்பை ஏற்கும் எவரும் முதல் நாளிலேயே ரூட்டுக்கு மாறி, லாகின்யூஐடியில் தம் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே 4294967295 இருந்தால், அந்தக் கணினிக்கு இயற்றுபவரை மட்டுமே தெரியும் என்று பொருள்.